இருப்புப்பாதைச் சந்திப்பில் ஒரு கல்வி நகரம்



புதிய ஊர் ஒன்றை உண்டாக்க விரும்புகிறவன் முதலில் எதைத் தேடுகிறான்? தண்ணீர், நல்ல நிலம், போக்குவரத்து வழி. இம்மூன்றும் வாய்த்தால் மக்கள் வந்து சேர்வார்கள். ஆனால், வந்தவர்கள் நிலைத்துத் தங்குவதற்கு வேறொன்றும் வேண்டும் என்று நம்பிய ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜெஸ்ஸி ஃபெல்.

1808-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஃபெல். சட்டம் பயின்று, தமது இருபத்து நான்காம் வயதை ஒட்டி இல்லினாய் மாநிலத்துக்குக் குடியேறினார். புளூமிங்டன் என்ற சிற்றூரில் அவரே முதல் வழக்கறிஞர். அந்நாளில் அது குடியேற்றத்தின் எல்லைப்புறம். எனினும், அது யாருக்கும் உரிமையற்ற வெற்று நிலமன்று. கிக்காப்பூ என்னும் பழங்குடியினர் வாழ்ந்த மண் அது. 1819-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியே அவர்களுடைய உரிமை பறிபோயிற்று. புதிய ஊர்களின் பெருமையைப் பேசும்போது இந்தச் செய்தியை நாம் மறைத்தல் ஆகாது.

அப்பகுதி மரமற்ற பரந்த புல்வெளி. வீட்டுக்கும் வேலிக்கும் விறகுக்கும் மரம் வேண்டுமாதலால், முதலில் வந்தோர் சிறு சோலைகளின் ஓரத்திலேயே தங்கினர். புல்வெளியின் கரிய மண்ணோ வார்ப்பிரும்புக் கொழுவில் அப்பிக்கொண்டு உழவைத் தடுத்தது. 1837-இல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பையைச் செய்த பிறகே அந்த மண் மெல்ல மெல்ல உழவனுக்கு வசப்பட்டது.

அதே 1837-இல் நாடெங்கும் பெரும் பண நெருக்கடி மூண்டது. நிலம் வாங்கி விற்பதில் ஈடுபட்டிருந்த ஃபெல் தம் செல்வத்தை இழந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் ஆடம்ஸ் மாவட்டத்துக்குச் சென்று பழத்தோட்டமும் நாற்றங்காலும் வளர்த்தார். தோல்வி தந்த அந்தத் தோட்டக்காரர் வாழ்க்கைதான் பின்னர் ஓர் ஊருக்கே நிழலாயிற்று.

1851-ஐ ஒட்டி அவர் புளூமிங்டனுக்குத் திரும்பியபோது இருப்புப்பாதைக் காலம் தொடங்கியிருந்தது. பாதைகள் தம் வட்டாரத்தின் வழியே செல்லவேண்டும் என்று ஃபெல் ஓயாது பாடுபட்டார். இல்லினாய் சென்ட்ரல் பாதையும், சிகாகோவிலிருந்து செயின்ட் லூயிஸ் நோக்கிச் செல்லும் பாதையும் புளூமிங்டனுக்கு வடக்கே ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. ரயில் வந்ததும் புல்வெளியின் குறை தீர்ந்தது. வெளியிலிருந்து மரம் வந்தது, விளைந்த சோளம் வெளியே சென்றது. அந்தச் சந்திப்பில் நிலம் வாங்கிய ஃபெல் 1854-இல் மனைகள் பிரித்து விற்றார். ஊருக்கு வட புளூமிங்டன் என்று பெயர். வீடுகள் எழுவதற்கு முன்னரே தெருவோரங்களில் மரக்கன்றுகளை நட்டுவிட்டார்.

சந்திப்பு நிலையங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுள் பல, வண்டி மாறும் இடமாகவே இருந்துவிடுகின்றன. தம் ஊரும் அவ்வாறு ஆகிவிடக் கூடாது என்பதே ஃபெல்லின் கவலை. 1857-இல், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பல்கலைக்கழகம் அமைப்பதென இல்லினாய் சட்டமன்றம் முடிவு செய்தது. எந்த ஊர் மிகுந்த உதவி தருகிறதோ அந்த ஊருக்கே கல்லூரி. ஃபெல் வீடு வீடாகச் சென்று நன்கொடை வாக்குறுதிகளைத் திரட்டினார். பியோரியா நகரம் சுமார் 80,000 டாலர் தருவதாகச் சொல்ல, ஃபெல்லின் பக்கம் 1,41,000 டாலருக்கு மேல் உயர்ந்தது. கல்லூரி அவர் ஊருக்கு வந்தது. அந்த வாக்குறுதிக்கான பிணைப் பத்திரத்தை எழுதிக்கொடுத்த வழக்கறிஞர் யார் தெரியுமா? ஃபெல்லின் நண்பர் ஆபிரகாம் லிங்கன்!

ஆனால், அடிக்கல் நாட்டிய அந்த ஆண்டிலேயே மறுபடியும் பண நெருக்கடி. வாக்களித்தவர்களால் பணம் கொடுக்க இயலவில்லை. கட்டட வேலை நின்றது. வகுப்புகளோ நிற்கவில்லை. புளூமிங்டனில் ஒரு வாடகை மண்டபத்தில் பாடம் நடந்தது. 1860-ஐ ஒட்டியே மாணவர்கள் சொந்தக் கட்டடத்தில் அடியெடுத்து வைத்தார்கள். ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளை நம் நாட்டிலும் ஒருகாலத்தில் நார்மல் பள்ளி என்றே அழைத்தார்கள் அல்லவா? அந்தச் சொல்லே ஊரின் பெயராகி, 1865-இல் அவ்வூர் 'நார்மல்' என்று வழங்கலாயிற்று. அங்கே மது விற்கக் கூடாதென்று ஃபெல் வற்புறுத்தினார். அந்தத் தடை நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

எல்லா முயற்சியும் அவருக்குக் கைகூடவில்லை. உழவும் தொழிலும் கற்பிக்கும் மாநிலக் கல்லூரிக்கு 1867-இல் போட்டி நடந்தபோது, அவருடைய மாவட்டம் பெருந்தொகை தர முன்வந்தது. எனினும் அதைவிடக் குறைவாகத் தந்த ஷாம்பெய்ன் மாவட்டமே தேர்ந்தெடுக்கப்பட்டது.

கல்லூரி வந்தால் மனையின் விலை ஏறும். அந்த ஆதாயம் ஃபெல்லுக்கும் உண்டுதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அவர் துறவியல்லர், நில வணிகர். ஆயினும் தம் ஆதாயமும் ஊரின் நன்மையும் ஒரே திசையில் செல்லுமாறு அமைத்துக்கொண்டார். விற்றுவிட்டு அகலும் வணிகன் மனையை மட்டும் பார்ப்பான். மரம் நடுகிறவனோ, தான் அமராத நிழலையும் எண்ணிப் பார்க்கிறான். இந்த வேறுபாட்டையே நான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஃபெல் 1887-இல் மறைந்தார். அவர் கொண்டுவந்த கல்லூரி இன்று இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகம் என்று வழங்குகிறது. சிகாகோ வண்டிகள் இன்றும் அந்த ஊரில் நிற்கின்றன. ஆனால், ஊரைத் தோற்றுவித்த இரண்டு பாதைகளுள் மற்றொன்றான இல்லினாய் சென்ட்ரல் பாதையில் இப்போது தண்டவாளம் இல்லை. மக்கள் உலவும் நடைபாதையாக அது மாறிவிட்டது. இருப்புப்பாதை போயிற்று, பள்ளி நின்றது.