அருகில் கொண்டுவாருங்கள்

(ஜூலை நான்காம் ஞாயிறு: தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் உலக நாளை முன்னிட்டு வானொலியில் ஆற்றிய மறையுரை)



2021-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் என்று ஒரு நாளை ஏற்படுத்தினார். அன்னை மரியாவின் பெற்றோரான புனித சுவக்கின், அன்னா திருநாள் ஜூலை 26. அதையொட்டி வரும் ஜூலை நான்காம் ஞாயிறு அந்த நாள். இன்று முதியவர்களின் கண்களைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன். முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா வைத்த சோற்றில் கல் கடித்தது. பேசாமல் சாப்பிட்டேன். மறுநாளும் கடித்தது. "என்னம்மா, அரிசியைப் பார்த்துக் களையக் கூடாதா?" என்று கோபமாகவே கேட்டுவிட்டேன். "நாளைக்குப் பாத்துச் செய்றேன் சாமி" என்றார். நான் குருவான நாளிலிருந்து அம்மா என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று இரவு செபமாலை முடிந்து, அம்மா வழக்கம்போல் செபப் புத்தகத்தைத் திறந்து மன்றாட்டு மாலை சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் தற்செயலாகப் புத்தகத்தைப் பார்த்தேன். திறந்திருந்தது வேறு பக்கம். அம்மா எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். வயசானா எல்லாருக்கும் வர்றதுதான. செலவு வைக்க வேணாம்னு சொல்லல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "கண்ணு தெரியலைன்னா அடுப்படிப் பக்கம் வராதன்னு சொல்லிருவாங்கல்ல" என்றார்.

கல்லைக் கண்டுபிடித்த எனக்கு, ஒரு வருடமாக என் தாயின் கண்ணில் விழுந்திருந்த திரை தெரியவில்லை. யாருக்குப் பார்வை குறைந்திருந்தது என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன்.

அன்பானவர்களே, வயது ஏறும்போது கண்ணில் நடப்பதை நாம் எளிதாகவே புரிந்துகொள்ளலாம். கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. சிறு வயதில் அது இளக்கமாக இருந்து, தூரத்துக்கும் பக்கத்துக்கும் ஏற்றபடி வடிவத்தை மாற்றிக்கொள்ளும். நாற்பது வயதை ஒட்டி அது இறுகத் தொடங்குகிறது. செய்தித்தாளைக் கைநீட்டித் தள்ளிப் பிடிக்கிறோம். இதைத்தான் நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றார்கள். பின்பு அந்த லென்ஸ் மஞ்சள் படர்கிறது. கண்ணின் பாவையும் சுருங்குகிறது. உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. இருபது வயதில் போதுமாக இருந்த விளக்கு அறுபதில் போதாது. கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தால் கண் பழக நேரம் ஆகும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசும். லென்ஸ் மேலும் மங்கிப்போனால் அது கண்புரை. அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் கண் அழுத்த நோய் வலியே இல்லாமல் ஓரப் பார்வையிலிருந்து தின்றுகொண்டு வரும். போன பார்வை திரும்பாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மீதியைக் காப்பாற்றலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். ஆகவே, 'வயதானால் இப்படித்தான்' என்று யாரும் வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

இப்போது திருவிவிலியத்தைத் திறப்போம். தொடக்க நூல் 27-ஆம் பிரிவில் ஈசாக்கு முதிர்ந்து, பார்வை மங்கிப் படுத்திருக்கிறார். அவருக்குக் கண் தெரியாது என்பதை வீட்டார் நன்றாக அறிவார்கள். அறிந்து என்ன செய்கிறார்கள்? மனைவி ரெபேக்கா இளைய மகன் யாக்கோபுக்கு ஏசாவின் ஆடையை உடுத்தி, கையிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைப் போர்த்தி அனுப்புகிறார். கிழவர் தடவிப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், குரலைக் கேட்டுச் சந்தேகப்படுகிறார். கடைசியில் ஏமாந்துபோகிறார். அவருடைய மங்கிய கண், சொந்த வீட்டாருக்கே ஒரு வாய்ப்பாகிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து, 48-ஆம் பிரிவில் அதே குடும்பத்தில் அதே காட்சி. இம்முறை கண் மங்கிப் படுத்திருப்பவர், அன்று ஏமாற்றிய யாக்கோபு. எகிப்தில் உயர்ந்த பதவியில் இருக்கும் மகன் யோசேப்பு, தன் இரு பிள்ளைகளோடு வருகிறார். வந்திருப்பது யார் என்று தாத்தா கேட்கிறார். யோசேப்பு எரிச்சல்படவில்லை. கடவுள் எனக்குத் தந்த பிள்ளைகள் என்கிறார். அருகில் கொண்டுவரச் சொல்கிறார் தாத்தா. யோசேப்பு கொண்டுபோய் நிறுத்துகிறார். தாத்தா பேரப்பிள்ளைகளை அணைத்து முத்தமிடுகிறார்.

ஒரே குடும்பம், ஒரே குறை. ஒரு தலைமுறை அந்தக் குறையைப் பயன்படுத்திக்கொண்டது. அடுத்த தலைமுறை அருகில் வந்தது. நம் வீடு இந்த இரண்டில் எது?

கண் தெரியாத தந்தையிடம் படித்துக்காட்டாமல் பத்திரத்தில் கைரேகை வாங்கும் வீடு ஈசாக்கின் வீடு. பாட்டியின் உதவித்தொகையை எண்ணும்போது ஒரு நோட்டை உருவிக்கொள்ளும் பேரனும் அந்த வீட்டுப் பிள்ளைதான். "தாத்தா, நான்தான் வந்திருக்கேன்" என்று பெயர் சொல்லிப் பக்கத்தில் உட்காரும் வீடு யோசேப்பின் வீடு.

அந்தக் காட்சியில் இன்னொன்றும் உண்டு. யாக்கோபு கைகளைக் குறுக்காக நீட்டி, இளையவன் எப்ராயிம் தலையில் வலக்கையை வைக்கிறார். கண் தெரியாமல் மாற்றி வைத்துவிட்டார் என்று எண்ணி, யோசேப்பு அந்தக் கையை எடுக்கப் பார்க்கிறார். தனக்குத் தெரிந்தே வைத்ததாகத் தந்தை சொல்கிறார். பார்வை குறைந்தவருக்குப் புத்தியும் குறைந்துவிட்டது என்று நாம் எத்தனை முறை நினைக்கிறோம்! சீலோ ஆலயத்தில் குரு ஏலியின் கண்களும் மங்கியிருந்தன. ஆனால் இரவில் சிறுவன் சாமுவேலை அழைப்பது ஆண்டவர் என்று கண்டுகொண்டவர் அவர்தான். சிகிச்சையாலும் திரும்பாத பார்வையோடு இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, உங்களிடம் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

மங்கிய கண்களுக்கு ஒளி தந்த மனிதர்களையும் இன்று நன்றியோடு நினைப்போம். 1306-ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் தொமினிக்கன் சபைத் துறவி ஒருவர், மூக்குக் கண்ணாடி செய்யும் கலை பிறந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்று மறையுரையிலேயே மகிழ்ந்து சொன்னார். அவர் காலத்துப் பீசா நகரத் துறவி அலெசாந்த்ரோ தெல்லா ஸ்பீனா, அந்தக் கலையைத் தானே கற்று, மறைக்காமல் எல்லாருக்கும் மனமுவந்து பகிர்ந்தார். நம் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் வளைந்த விரல்களாலேயே அவர் அறுவை சிகிச்சை செய்தார். அப்போது அவருக்கு வயது 58.

அன்பு மக்களே, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவரின் அருகில் உட்காருங்கள். செபப் புத்தகத்தில் ஒரு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்குப் போடுங்கள். படிக்கட்டின் விளிம்பில் வெள்ளைக் கோடு இழுங்கள். மாத்திரைகளைப் பிரித்து வைத்துக் கொடுங்கள். ஆனால் அவர்கள் செய்துவந்த வேலையைப் பிடுங்கிவிடாதீர்கள். பெரியவர்களே, நீங்களும் மறைக்காதீர்கள். பெத்சாய்தாவில் இயேசு தொட்ட மனிதர், மனிதர்கள் மரங்களைப்போல் தெரிகிறார்கள் என்று உள்ளதைச் சொன்னார். அவர் சொன்னதால்தான் இயேசு மறுபடியும் தொட்டார்.

என் அம்மாவுக்கு முதலில் ஒரு கண்ணிலும், பிறகு மறு கண்ணிலும் சிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும், "மூலையெல்லாம் இவ்வளவு ஒட்டடையா!" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "தலை இம்புட்டு நரைச்சிருச்சே சாமி" என்றார். மறுநாள் அரிசியை அவர்தான் களைந்தார்.

செபிப்போமாக. ஒளியின் ஆண்டவரே, எங்கள் முதியோரின் கண்களைக் காத்தருளும். அவர்களுடைய குறையைக் காணும் கண்களையும், அருகில் செல்லும் கால்களையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.