நாயைப் பழக்குவது பாதி வேலை



தலைமையுரை என்றால் பொருளின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்லி, வாசிக்கப்போகும் கட்டுரைகளையெல்லாம் முன்கூட்டியே பாராட்டிவிட்டு உட்காருவது வழக்கம். வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன். பாராட்டும் வேலையை மாலையில் நிறைவுரை ஆற்ற வருபவருக்கு விட்டுவிடுகிறேன்.

முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய ஜெர்மானியப் படைவீரர்களுக்காக, 1916இல் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. 1923இல் போட்ஸ்டாமில் இன்னொரு பெரிய பள்ளி வந்தது. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்துவந்த டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, போட்ஸ்டாமில் கண்டதை 1927இல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் எழுதினார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் அந்தக் கட்டுரையை வாசிக்கக் கேட்ட மாரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞர், தனக்கும் ஒரு நாய் வேண்டும் என்று கடிதம் போட்டார். ஆறு வயதில் ஒரு கண்ணையும், பதினாறு வயதில் குத்துச்சண்டையில் மறு கண்ணையும் இழந்தவர் அவர். 1928இல் கப்பலேறிச் சுவிட்சர்லாந்து போனார். பட்டி என்ற நாயோடு திரும்பிவந்து, நியூயார்க்கில் செய்தியாளர்கள் பார்க்கச் சாலையைக் கடந்து காட்டினார். 1929 ஜனவரியில் 'தி சீயிங் ஐ' பள்ளி பிறந்தது. இரண்டே ஆண்டில், 1931இல், இங்கிலாந்தின் வாலசியில் முதல் நான்கு நாய்கள் பயிற்சி முடித்தன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நாயைப் பழக்குவதுதான் வேலை என்றால், பழக்கிய நாயை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மனிதரை வரவழைத்து, வாரக்கணக்கில் தங்கவைத்து, விழுந்து எழுந்து பழகச்சொன்னார்கள். இன்று நான் சொல்லவந்த செய்தியே இதுதான். நாயைப் பழக்குவது பாதி வேலை. மறுபாதி, அந்த நாயோடு நடக்கப்போகிறவருக்குப் பயிற்சி தருவதும், வீடு திரும்பிய பிறகு எட்டு, பத்து ஆண்டுகள் அவருக்குத் துணைநிற்பதும். நம் ஆய்வுகளில் இந்த மறுபாதிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

நாய்க்குத் தரும் பயிற்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஏழெட்டு வாரக் குட்டியைத் தன்னார்வக் குடும்பம் ஒன்று ஓராண்டுக்கு மேல் வளர்க்கிறது. பேருந்து, கடைவீதி, லிஃப்ட், கூட்டம், இடிச்சத்தம் எல்லாம் அங்கேதான் பழகுகிறது. சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் மலசலம் கழிக்கவும் கற்கிறது. பிறகு பள்ளியில் நான்கைந்து மாதம். தன் உடம்பு நுழையும் சந்து போதாது, பக்கத்தில் வருபவரும் நுழையவேண்டும் என்று அங்கே புரிந்துகொள்கிறது. தாழ்ந்து தொங்கும் கிளை நாயின் முதுகைத் தொடாது. வருபவரின் நெற்றியைப் பதம்பார்க்கும். தனக்கு இடையூறே இல்லாத ஒன்றை இடையூறாகக் கருத ஒரு விலங்குக்குக் கற்பிப்பது சாமானியக் காரியமா? எல்லா நாயும் தேறுவதில்லை. தேறாதவை வேறு பணிக்கோ, வளர்த்த வீட்டுக்கோ போய்விடும்.

பொதுமக்கள் நினைப்பதற்கு மாறாக, நாய்க்கு வழி தெரியாது. சிவப்பு, பச்சை விளக்கைப் பார்த்து அது சாலையைக் கடப்பதும் இல்லை. எந்தத் தெரு, எத்தனையாவது திருப்பம் என்பது மனிதரின் கணக்கு. நடைபாதை முடியும் விளிம்பில் நாய் நிற்கும். வண்டிகளின் ஓசையைக் கேட்டு, கடக்கலாம் என்று முடிவுசெய்து, கட்டளையிடுவது அவர்தான். அவர் கணக்குத் தப்பி வண்டி வந்துகொண்டிருந்தால், நாய் நகராது. கீழ்ப்படியப் பழக்கிய பிராணிக்குக் கடைசியாகக் கற்றுத்தருவது இந்த மறுப்பைத்தான். நாய் மறுக்கும்போது அதை நம்பி நிற்க மனிதருக்கும் கற்றுத்தரவேண்டும். கோல் ஊன்றி இருபது ஆண்டு நடந்தவருக்கு இது எளிதில் வராது. நாய் சோம்பல்படுகிறது என்று நினைத்து அதட்டி இழுத்துவிடுவார். அதனால்தான் பள்ளியின் ஆட்களே காரை ஓட்டிவந்து, திருப்பத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள் எதிரே வேண்டுமென்றே குறுக்கிட்டுப் பழக்குகிறார்கள்.

மனிதருக்குத் தரும் பயிற்சியில் 'ஜூனோ நடை' என்று ஒன்று உண்டு. நாய் எதுவென்று முடிவாவதற்கு முன்பே நடப்பது இது. பயிற்சியாளர், நாயின் உடம்பில் பூட்டும் ஹார்னஸ் என்ற வாரின் ஒரு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, தானே நாயாக முன்னே நடப்பார். பிடியின் மறுமுனை பயிற்சிக்கு வந்தவர் கையில். "ஜூனோ, ஃபார்வர்ட்" என்று அவர் சொல்ல, பயிற்சியாளர் இழுப்பார், நிற்பார், வேண்டுமென்றே தவறு செய்வார். "ஜூனோ, நோ" என்று கண்டிக்கவேண்டும். சரியாகச் செய்தால் மனமாரப் பாராட்டவேண்டும். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு நடுத்தெருவில் இன்னொரு மனிதரை நாய்ப்பெயர் சொல்லிக் கொஞ்சக் கூச்சமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். பயிற்சிக்கு வந்தவரின் நடைவேகம், எவ்வளவு இழுப்பைத் தாங்குவார், குரல் எப்படி என்பதெல்லாம் அந்த நடையிலேயே தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் நாயைப் பொருத்துகிறார்கள். பொருத்தம் பார்ப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன்!

அடுத்து, நாய் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. 'தி சீயிங் ஐ' முதல் நாய்க்கு 150 டாலர் வாங்குகிறது. அடுத்தடுத்த நாய்களுக்கு 50. முன்னாள் படைவீரருக்கு ஒரே ஒரு டாலர். 1930களில் வைத்த இந்தத் தொகையை அவர்கள் உயர்த்தவே இல்லை. ஒரு நாயைத் தயாரிக்கப் பல்லாயிரம் டாலர் ஆகிற இடத்தில் இந்தப் பணத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் வாங்குகிறார்கள். பயிற்சி முடிந்ததும் நாய், அதைப் பெற்றவருக்கே உரிமையாகிறது. தானமாகப் பெற்றேன் என்ற எண்ணத்தோடு அவர் ஊர் திரும்பவேண்டாம் என்பது நோக்கம். பிரிட்டனின் வழக்கம் வேறு. அங்கே நாய், அதைத் தரும் சங்கத்துக்கே உரியது. தீவனச் செலவும் மருத்துவச் செலவும் வேண்டுவோருக்குச் சங்கம் ஏற்கும். எது சரி? அமெரிக்கரின் உரிமையும் பிரிட்டனின் பணப்பையும் ஒன்றாக வேண்டும் என்பது என் கட்சி. பேராசை என்று பொருளாளர்கள் சொல்லக்கூடும்.

பணி ஓய்வைப் பற்றி இன்னும் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. எட்டு, பத்து ஆண்டு உழைத்தபின் நாய் ஓய்வுபெறுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் அதோடு நடந்தவர் வெளியே போகும் வழி அடைபட்டுவிடுகிறது, கூடவே வீட்டில் ஒரு துக்கமும். புதிய நாய் வந்தால், "பழையது இப்படிச் செய்யாதே" என்ற ஒப்பீடு விடாமல் வரும். இரண்டாவது நாயோடு பழகுவது முதல் நாயைவிடக் கடினம் என்று பள்ளிகளே எச்சரிக்கின்றன. மாரிஸ் ஃபிராங்க் தம் எல்லா நாய்களுக்கும் பட்டி என்றே பெயர் வைத்தார். பாசமா, பழக்கமா, நாம் தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, நாய் வந்த காரணம் வெளிப்படையாகத் தெரியாவிட்டால், கடைக்காரர் இரண்டே கேள்வி கேட்கலாம்: இது குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது. சான்றிதழ் கேட்கக்கூடாது. இந்தத் தாராளத்தைச் சிலர் தவறாகப் பயன்படுத்தி, வளர்ப்பு நாய்க்கு மேலங்கி மாட்டி அழைத்துவந்ததால் உண்மையானவர்களுக்கும் சந்தேகப் பார்வை. விதியை எழுதும்போது இந்த இருபக்கத்தையும் யோசிக்கவேண்டும். விரிவான கட்டுரைகள் பிற்பகலில் உள்ளன.

நம் ஊருக்கு வழிகாட்டி நாய் எப்போது வரும் என்று கேட்பீர்கள். முதலில் வரவேண்டியது நடைபாதை. பாதி தோண்டிய பள்ளம், நடைபாதையிலேயே நிற்கும் மின்மாற்றி, ஏறி நிறுத்திய இருசக்கர வண்டி, தெருவுக்கொரு நாய்க்கூட்டம். இதற்கு நடுவே பழகிய லாப்ரடாரைக் கொண்டுவந்து விட்டால், அது ஒவ்வொரு பத்தடிக்கும் மறுத்து நிற்கும், அதன் மறுப்பு நியாயமாகவும் இருக்கும். தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் ஒழுங்காக நடப்பதும் இந்தத் துறையின் வேலைதான் என்று நான் கருதுகிறேன். வெளிநாட்டுப் பள்ளிகளைப் பார்த்து இரண்டு நாயைப் பழக்கிப் படம்பிடித்துக்கொண்டால் விழா நடத்தலாம். அதற்குமேல் ஒன்றும் ஆகாது.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு அமர்விலும் முதல் கேள்வி கேட்கும் உரிமை முன்வரிசையில் கோலோடு வந்திருக்கும் பார்வையற்ற நண்பர்களுக்கே என்று தலைவர் என்ற முறையில் முடிவுசெய்திருக்கிறேன். அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றவர்களிடம் வாருங்கள். முதல் அமர்வின் தலைவர் மேடைக்கு வருமாறு அழைக்கிறேன்.