டீ கிளாஸின் மேல் ஸ்பூன்

வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேசச் சொன்னதும், போன வருஷம் போன துருக்கியையே எடுத்துக்கொண்டேன். விசா, ஹோட்டல், பலூன் சவாரி இதெல்லாம் டிராவல்ஸ்காரர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் நம் மேல் காட்டும் பிரியத்தை வாங்கிக்கொள்ள நமக்குத் தெரிய வேண்டும். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போனால் இது சின்ன விஷயமில்லை.

நம் ஊரில் யாராவது காபி சாப்பிடச் சொன்னால் என்ன செய்வோம்? "ஐயோ, வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன்." அவர்கள் மறுபடி சொல்வார்கள், நாம் மறுபடி மறுப்போம், மூன்றாவது தடவை டம்ளர் கைக்கு வந்துவிடும். துருக்கியில் இந்த நாடகத்துக்கு நேரமே கிடைக்காது. கடைக்குள் நுழைந்து உட்கார்ந்தால் டீ வந்துவிடும். இடுப்பு சிறுத்த குட்டிக் கண்ணாடி கிளாஸ், பால் கிடையாது, ஓரத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டி. பெயர் 'சாய்'தான். காலியானால் அடுத்த கிளாஸ் வரும். போதும் என்றால் ஸ்பூனை கிளாஸின் மேல் குறுக்கே வைத்துவிடுங்கள். முதலிலேயே வேண்டாம் என்றால், கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலையைக் குனியுங்கள். மனது நோகாமல் மறுக்க அதுவே போதும்.

இன்னொன்று. ஏதாவது கேட்டால் சிலர் புருவத்தை உயர்த்தி 'ச்சு' என்பார்கள். நம்மிடம் அது பரிதாபம் அல்லது எரிச்சல். அங்கே வெறும் 'இல்லை', அவ்வளவுதான். முகம் சுளிக்க வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கவலை அதிகம் இருந்தது. எங்கள் மகளுக்கு ஐந்து வயது. தெரியாதவர்கள் கொடுப்பதை வாங்காதே, தொட விடாதே என்று நாம்தானே சொல்லி வளர்க்கிறோம்? அங்கே ஹோட்டல் சர்வர் கன்னத்தைக் கிள்ளுகிறார், பக்கத்து மேஜைப் பாட்டி மடியில் உட்காரக் கூப்பிடுகிறார், கடைக்காரர் மிட்டாயை நீட்டுகிறார். எல்லோரும் "மாஷல்லா" என்கிறார்கள். அம்மாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது: "திருஷ்டி படக்கூடாதுன்னு சொல்றாங்கடா." கடைக்குக் கடை தொங்கும் நீலக் கண் மணியும் அதற்குத்தான். நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். தின்பண்டம் எங்கள் கண் முன்னால் என்றால் வாங்கலாம். தொடுவது, தூக்குவது அவள் இஷ்டம். பிடிக்காதபோது என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பிரியமான ஊர் என்பதற்காகக் குழந்தையை வற்புறுத்தக் கூடாது என்பது என் கட்சி.

எல்லாப் பிரியமும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இஸ்தான்புல்லில் கம்பளக் கடைக்காரர் டீ கொடுத்தால் அது வியாபாரமும் உபசாரமும் கலந்தது. தைரியமாகக் குடிக்கலாம், கம்பளம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் தெருவில் தானாக வந்து கூடவே நடந்து, "நல்ல இடம் ஒன்று தெரியும், வாருங்கள்" என்று இரவில் அழைக்கிறவரோடு போகாதீர்கள். பில் தலையில் விழும். தன் இடத்தில் உட்கார்ந்து அழைக்கிறவர் வேறு, நம்மைத் தேடி வருகிறவர் வேறு.

இரண்டு மூன்று வார்த்தைகள் கற்றுக்கொண்டு போங்கள். வேலை செய்துகொண்டிருக்கும் யாரைப் பார்த்தாலும், அவர் தெரு பெருக்குகிறவரோ பேங்க் கிளார்க்கோ, "கொலாய் கெல்சின்" என்பார்கள். உங்கள் வேலை சுலபமாக அமையட்டும் என்று பொருள். நாம் ஏழு மாடி லிஃப்ட்டில் ஒன்றாக வந்தும் மொபைலைப் பார்த்தபடியே இறங்குகிறவர்கள். எனக்கு அதைச் சொல்ல நான்கு நாள் கூச்சமாக இருந்தது. மகளுக்குக் கூச்சமே இல்லை. இப்போதும் காலையில் நம் கேட் செக்யூரிட்டியிடம் அதைத்தான் சொல்கிறாள். அவரும் ஏதோ ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

உறவு சொல்லி அழைப்பதும் நம்மைப் போலத்தான். அண்ணனுக்கு 'ஆபி', அக்காவுக்கு 'ஆப்லா', வயதான அம்மாக்களுக்கு 'தெய்ஸே'. இதில் தெய்ஸே என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள், நம் பெரியம்மா, சித்தி முறை. ஆன்ட்டி, அங்கிள் என்று எல்லோரையும் ஒரே கூடையில் போடுவதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: "எத் யெமியோருஸ்", மாமிசம் சாப்பிடுவதில்லை, என்று சொல்லுங்கள். கோழியைச் சிலர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் "தாவுக்" வேண்டாம் என்று தனியாகவும் சொல்ல வேண்டும். பருப்பு சூப்பில்கூட எலும்பு வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

வெளியூர் பஸ்ஸில் ஏறினால் உதவியாளர் ஒரு பாட்டிலோடு வருவார். உள்ளங்கையை நீட்டுங்கள். எலுமிச்சை வாசனையுள்ள 'கொலோன்யா'வை ஊற்றுவார், கையில் தேய்த்துக்கொள்வதற்கு. கோயிலில் தீர்த்தம் வாங்குவது போல அம்மா கையைக் குவித்து நீட்டினாள், குடித்துவிடப் போகிறாளே என்று எனக்குப் பயம். அடுத்த சீட்டில் முக்காடு போட்ட ஒரு தெய்ஸே, தன் எள்ளு வளையத்தை, 'சிமித்' என்பார்கள், பாதி பிய்த்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா மறுக்கவில்லை. பையைத் திறந்து ஊரிலிருந்து கொண்டுபோன கைமுறுக்கை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை பொதுவாகத் தெரியாமல், கொன்யா போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.