லைட் என்னும் சொல்லும் நம் விளக்கும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பல பொருள் தரும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். தமிழுக்கு இது புதிய பொருளன்று. ஒரு பொருள் குறிக்கும் பல சொற்கள், பல பொருள் குறிக்கும் ஒரு சொல் என்று திரிசொல்லை இரண்டாகப் பகுத்துவிட்டார் தொல்காப்பியர். திவாகரமும் சூடாமணியும் பல்பொருட் சொற்களுக்கென்றே ஒரு தொகுதியை ஒதுக்கின. 1732இல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதியிலும் பெயருக்கு ஒரு பகுதி, பொருளுக்கு ஒரு பகுதி என இவ்விரு வழிகளும் தனித்தனியே உள்ளன. இத்தனை பேர் நடந்த பாதையில் நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆங்கிலச் சொல். லைட். அதை ஆங்கிலம் என்று இன்னமும் சொல்லலாமா என்பதே ஐயம். நாளில் ஒருமுறையேனும் அதை உச்சரிக்காத தமிழ் வாய் அரிது.

நம் கிரிவலப் பாதையில் ஒரு தேநீர்க் கடையருகே சற்று நின்று கேளுங்கள். "லைட்டா ஒரு டீ" என்பார் ஒருவர். "இருட்டுது, லைட்டைப் போடு" என்பார் கடைக்காரர். "ராத்திரியிலேர்ந்து லைட்டா காய்ச்சல்" என்று ஒருவர். "அந்த லைட் கலர் சட்டைக்காரர் காசு தரலை" என்று மற்றொருவர். நான்கு இடம், நான்கு பொருள். ஒருவருக்கும் குழப்பமில்லை. சூழல் பொருளைத் தந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இது உண்மையில் ஒரு சொல்லன்று, இரண்டு. பழைய ஆங்கிலத்தில் வெளிச்சத்தைக் குறித்த சொல் வேறு, கனமின்மையைக் குறித்த சொல் வேறு. முன்னதற்கு இலத்தீன மொழியின் லூக்ஸ் உறவு. பின்னதற்கு அதே மொழியின் லெவிஸ் உறவு. வடமொழியின் லகுவும் உறவு. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒன்றாய் நின்றன. இங்கேதான் எனக்கு வியப்பு. அந்த லகு தமிழுக்கு வந்து இலகு ஆயிற்று. ஈழத்தமிழர் எளிய வேலையை இன்றும் இலகுவான வேலை என்பர். ஆனால் இலகு என்று தமிழில் வேறொரு வினையும் உண்டு. அதற்கு விளங்குதல், ஒளிர்தல் என்று பொருள். இலங்குதலின் இனம் அது. ஆங்கிலத்தில் நேர்ந்த அதே தற்செயல், அதே இரு பொருள்களில், தமிழிலும் நேர்ந்திருக்கிறது! ஆங்கிலக் கவிஞர் லைட் என்று இருபொருள்பட எழுதிய வரியைப் பெயர்க்க இயலாது என்று கைவிடும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இலகு பழஞ்சொல்லாயிற்றே என்பார்கள். பழஞ்சொல்தான், செத்த சொல்லன்று.

கனமின்மைப் பொருளில் நமக்குப் பஞ்சமே இல்லை. லைட்டான இசை மெல்லிசை; உணவு சிற்றுண்டி; மழை தூறல்; நிறம் வெளிர்; உறக்கம் கோழித்தூக்கம். இவற்றுள் ஒன்றேனும் மொழிபெயர்ப்பு போலவா ஒலிக்கிறது? கோழித்தூக்கத்தைக் கண்டுபிடித்தவன் எந்த அகராதியையும் புரட்டியிருக்க மாட்டான், கோழியைப் பார்த்திருப்பான்.

வெளிச்சத்தின் பக்கம் வருவோம். வெளிச்சம் என்ற சொல்லுக்குள்ளேயே வெளி இருக்கிறது. ஒளியில் இன்னும் பெரிய விந்தை: ஒளி என்றால் வெளிச்சம், ஒளி என்றால் மறைந்துகொள். இப்படியொரு முரணைக் கையில் வைத்துக்கொண்டு, கவியரங்கக் கவிதைகளில் நான்கு வரிக்கு ஒருமுறை "ஒளி பிறக்கும்" என்று மட்டும் எழுதித் தேய்த்துவிட்டோம். விளக்கு என்பதையும் பாருங்கள். அது பெயராய் நின்றால் தீபம். வினையாய் நின்றால் பாத்திரத்தைத் துலக்கு, பல்லைத் துலக்கு, பொருளைத் தெளிவாக்கு. கரி படிந்த குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்க்கும் கையும், பாடம் சொல்லும் ஆசிரியர் நாவும் ஒரே வினையைச் செய்கின்றன. லைட் என்று சொன்ன மாத்திரத்தில் இந்த உறவு அறுந்துபோகிறது.

ஆங்கிலத்தில் தீயிடும் எல்லாவற்றுக்கும் லைட் என்ற ஒரே வினை போதும். நமக்குப் போதாது. விளக்கை ஏற்றுகிறோம், அடுப்பை மூட்டுகிறோம், பீடியைப் பற்றவைக்கிறோம், சொக்கப்பனையைக் கொளுத்துகிறோம், பிணத்துக்குக் கொள்ளி வைக்கிறோம். இவற்றை இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள், வீட்டுப் பெரியவர்கள் அடிக்க வருவார்கள்.

அதைவிட நுட்பம் அணைப்பதில் இருக்கிறது. பழைய வீடுகளில் விளக்கை "அணை" என்று சொல்ல மாட்டார்கள். அமர்த்து என்பார்கள், குளிரவை என்பார்கள், மலையேற்று என்பார்கள். எண்ணெய் தீர்ந்து தானே அவிந்தால் "விளக்கு மலையேறிவிட்டது". சாமியாடுபவரை விட்டு அருள் நீங்குவதும் மலையேறுதல்தான். தெய்வம் தன் இடம் திரும்பிற்று என்பது உட்கிடை என்று கொள்கிறேன்.

நம் ஊரில் இச்சொல் தலைகீழாகிறது. கார்த்திகை தீபத்தன்று விடியலில் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம். ஏற்றுவது பர்வதராஜ குலத்தார் உரிமை. பதினொரு நாள் எரிகிறது. மற்ற ஊர்களில் மலையேறிய விளக்கு அவிந்த விளக்கு. திருவண்ணாமலையில் விளக்கு எரிவதற்காகவே மலையேறுகிறது. இந்த ஒரு முரணை வைத்து நம் வட்டத்தில் ஒரு கவிதையும் பிறந்து நான் கேட்கவில்லை என்பதை உரிமையோடு சொல்லிவைக்கிறேன்.

மின்விளக்கு வந்தபின் என்ன ஆயிற்று? அந்தியில் சுவிட்சைத் தட்டியதும் கைகூப்பும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. ஏற்றும்போதைய பணிவு மின்சாரத்துக்கும் வந்து சேர்ந்தது. அணைக்கும்போதைய கூச்சம் வரவில்லை. "லைட்டை ஆஃப் பண்ணு" என்று எவரும் தயங்காமல் சொல்கிறோம், பல்பு மலையேறுவதில்லை.

ஆகவே லைட் என்ற சொல்லைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். சிறுகதையில் தேநீர் கேட்பவர் லைட்டாகத்தான் கேட்க வேண்டும். "மென்தேநீர் தருக" என்று அவரைப் பேசவைப்பது கொடுமை. தனித்தமிழ் அன்பர்கள் என்னைப் பொறுத்தருள்க. நான் அஞ்சுவது வேறொன்றை. குளிரவைத்தலும் அமர்த்துதலும் அவற்றைச் சொல்லும் வயதானவர்களோடு போய்விடும் நிலையில் உள்ளன. அகராதியில் இருக்கின்றனவே என்றால், எந்த விளக்கைப் பார்த்து, எந்த நேரத்தில், யார் சொன்னார் என்பதை அகராதி சொல்லாது.

செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் இங்கே வந்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு வருமுன் உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வாருங்கள்: சிறுவயதில் உங்கள் வீட்டில் விளக்கை நிறுத்த என்ன சொல்வார்கள்? விடையை அவர் சொன்னபடியே, திருத்தாமல், ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். வாசிக்க நான் காத்திருக்கிறேன்.