இரு கம்பிகளில் பல குரல்கள்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில், சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவருடைய காரில் போய்க்கொண்டிருந்தேன். கடலோரத்து வீடொன்றில் உப்புக்காற்றில் நெடுநாள் நின்றிருந்த வண்டி அது. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும், வேகத்தைக் காட்டும் முள் திடீரென்று பூஜ்யத்தில் விழுந்தது. எச்சரிக்கை விளக்குகள் சில எரிந்தன. எஞ்சினோ சிறிதும் தயங்காமல் ஓடிற்று. சாலையோர மரங்கள் பின்னால் விரைந்தன. முள் மட்டும் வண்டி நிற்கிறது என்று சாதித்தது. அந்த முள் பொய் சொல்லிற்றா என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

பழைய வண்டிகளில் வேகத்தை முள்ளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது சுழலும் எஃகுக் கயிறு ஒன்று. இன்றைய வண்டியில் அது இல்லை. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, முகப்புப் பலகைக்கு ஒன்று என மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் சிறு கணிப்பொறிச் சில்லுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனிக் கம்பியால் இணைக்கப் புகுந்தால், வண்டி முழுவதும் கம்பிக்காடாகிவிடும் அன்றோ? இதற்கு ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் கண்ட வழியே ‘கான்’ என்னும் முறை. 1986இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அதனை அறிவித்தனர். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே கம்பிகள். சில்லுகள் யாவும் அவற்றோடு இணைந்திருக்கும். இதற்குப் ‘பஸ்’ என்று பெயர். நாம் ஏறிச் செல்லும் பஸ்ஸும் இதுவும் ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல்லின் வழிவந்தவை.

எல்லோரும் ஒரே கம்பியில் பேசினால் கூச்சலாகிவிடாதா? இங்கே தலைமை வகிப்பவர் எவரும் இல்லை. ஆயினும் ஒழுங்கு குலைவதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் இழுக்கும் மணிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எவர் ஒருவர் இழுத்தாலும் மணி அடிக்கும். மற்ற நாற்பது பேர் இழுக்காமல் இருப்பதால் அது நிற்காது. ‘கான்’ கம்பியில் பூஜ்யம் என்பது கயிற்றை இழுப்பது; ஒன்று என்பது இழுக்காமல் விடுவது. ஒவ்வொரு செய்தியும் தன் அடையாள எண்ணோடு தொடங்குகிறது. அது 11 பூஜ்யங்களும் ஒன்றுகளுமாக அமைந்தது. பிரேக்கும் சன்னல் கண்ணாடியும் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால், இரண்டும் பேசிக்கொண்டே கம்பியைக் கேட்கின்றன. தான் ‘ஒன்று’ சொன்ன இடத்தில் கம்பியில் ‘பூஜ்யம்’ கேட்டால், அந்தச் சில்லு அப்போதே வாயை மூடிக்கொள்ளும். பிரேக்குக்குச் சிறிய எண்ணைக் கொடுத்திருப்பதால் அதன் செய்தி ஓர் எழுத்தும் சிதையாமல் மேலே செல்லும். தோற்றது தன் முறைக்குக் காத்திருக்கும். எனக்கு இம்முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விநாடிக்கு 5 லட்சம் குறிகள் செல்லும் கம்பியில் முழுச்செய்தி ஒன்றுக்கு ஒரு விநாடியின் நாலாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். எல்லாச் செய்திகளையும் எல்லாச் சில்லுகளும் கேட்கின்றன; தனக்கு வேண்டிய எண்ணைச் சல்லடை போல் வடித்தெடுத்து, ஒரு சிறு பெட்டியில் வைத்து, மைக்ரோகண்ட்ரோலரின் தோளைத் தட்டுவது சில்லினுள் இருக்கும் தனியுறுப்பு ஒன்றின் வேலை. அது செய்துகொண்டிருக்கும் கணக்கை அப்படியே நிறுத்திவிட்டு, பெட்டியைக் காலி செய்யவேண்டும். தாமதித்தால் அடுத்த செய்தி வந்துவிடும். இரண்டில் ஒன்று அழியும். தொடர்ந்து பிழைபட அனுப்பும் சில்லு, தன் பிழைக் கணக்கு 255ஐத் தாண்டியதும் தானாகவே கம்பியை விட்டு விலகிக்கொள்ளும்.

இனி நமது முள்ளுக்கு வருவோம். வேகச்செய்தி வராமற் போனால் முகப்புப் பலகையின் சில்லு என்ன செய்யவேண்டும்? கடைசியாகக் கேட்ட எண்ணையே காட்டிக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், வண்டி எவ்வேகத்தில் போனாலும் அது 60 கிலோமீட்டர் என்றே சொல்லும்; நாமும் நம்பியிருப்போம். நிரலை எழுதியவர் ஒரு கெடுவை வைத்து, அதற்குள் செய்தி வராவிட்டால் முள் விழவேண்டும், விளக்கு எரியவேண்டும் என்று விதித்திருந்தார். பூஜ்யம் என்பது வண்டியைப் பற்றிய செய்தியன்று, கம்பியைப் பற்றிய செய்தி. அந்த அளவில் முள் மெய்யே சொல்லிற்று என்பது என் தீர்ப்பு.

மறைமலைநகரில் 2022 வரை ஃபோர்டு கார்கள் உற்பத்தியாயின. பரனூர் அருகே மகிந்திரா நிறுவனத்தாரின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆகவே இவ்வட்டாரத்து மாணவர்களுக்கு இது எங்கோ நடக்கும் சங்கதியன்று.

மாமல்லபுரத்து மெக்கானிக் வண்டியை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, அந்த இரு கம்பிகளுக்கிடையே மின்தடையை அளந்தார். கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. பக்க இணைப்பில் இரண்டும் சேர்ந்து 60 காட்டவேண்டும். மீட்டர் 120 காட்டிற்று. “ஒரு முனை கழன்றிருக்குதுங்க ஐயா” என்று சொல்லி, முகப்புப் பலகையின் பின்னிருந்த இணைப்பியைக் கழற்றினார். பித்தளை முட்களில் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டினார். மீட்டரில் 60 வந்தது. வண்டியைக் கிளப்பிக் கடற்கரைச் சாலைக்கு ஏறியதும் முள் மெல்ல எழுந்தது.