மெருகும் வடிவும்



சுவடி பதிப்பித்தோர் அறிந்த இக்கட்டு ஒன்று உண்டு. ஏடு செல்லரிக்குமுன் பெயர்த்தெழுத வேண்டும். பெயர்த்தெழுதுந்தோறும் ஒரு பிழையேனும் புகும். எப்போது எழுதுவது? இங்கிலாந்தில் வானை ஆராய்ந்த வில்லியம் ஹெர்ஷலும் இவ்வினாவை வாழ்நாள் முழுதும் எதிர்கொண்டார். அவர் கையிலிருந்தது ஏடன்று. தொலைநோக்கியின் உலோக ஆடி.

ஹனோவரில் 1738இல் பிறந்து, பாத் நகரில் இசைவாணராக வாழ்ந்த ஹெர்ஷல், தம் ஆடிகளைத் தாமே தேய்த்து உருவாக்கினார். 1781இல் யுரேனசைக் கண்டதும் அவ்வாறு செய்த கருவியால்தான். செம்பும் வெள்ளீயமும் கலந்த அவ்வாடி, புதிதாயிருக்கும்போதே தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கையே திருப்பித் தரும். ஈரக்காற்றுப் பட்டால் அதுவும் குன்றும். பிறகு மெருகிட்டே ஆக வேண்டும்.

செப்புக்குடத்தைப் புளியிட்டு விளக்குவது போன்றதன்று இது. ஆடியின் பளபளப்பும் குழிவும் ஒரே பரப்பில் அமைந்தவை. மெருகிடும்போது அக்குழிவு மயிரிழைக் கனத்தில் நூற்றிலொரு பங்கு பிறழ்ந்தாலும் விண்மீன் பிசிறிப்போகும். ஒருமுறை 16 மணி நேரம் கையெடாமல் ஆடி தேய்த்த ஹெர்ஷலுக்குத் தங்கை கரோலின் உணவை வாயில் ஊட்டினார். இன்று காவலூரில் உள்ள 2.34 மீட்டர் ஆடிக்கு இவ்வச்சம் இல்லை. வடிவம் கண்ணாடியில் உள்ளது. ஒளியைத் திருப்புவது அதன்மேற் படிந்த அலுமினியத் தோல். தோலை நீக்கிப் புதிதாகப் பூசினால் வடிவம் அப்படியே நிற்கும்.

ஹெர்ஷல் காலத்திலோ மங்கலைப் பொறுப்பதா, வடிவத்தைப் பணயம் வைப்பதா என்பதே கேள்வி. நிலவைக் காண மங்கிய ஆடியும் போதும். நெபுலா எனப்படும் மெல்லொளி முகில்களே முதலில் மறையும். காண்பவர் எதை நாடுகிறாரோ அதுவே மெருகிடும் நாளைக் குறிக்கும்.

1789இல் ஸ்லௌவில் நிறைவுற்ற 40 அடித் தொலைநோக்கியில் இக்கட்டு பெரிதாயிற்று. ஆடியின் குறுக்களவு 4 அடி. எடை ஏறத்தாழ ஒரு டன். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 4,000 பவுன் வழங்கியிருந்தார். எனினும் ஹெர்ஷல் பெரிதும் நாடியது, ஆடியை எளிதில் கழற்றி மெருகிடத்தக்க 20 அடிக் கருவியையே. 1815இல் பெருங்கருவியில் இறுதியாக நோக்கியபோது அவருக்கு வயது 76, ஆடி களிம்பேறியிருந்தது. அதனை அவர் அப்படியே விட்டுவிட்டார். இதனைப் புறக்கணிப்பு என்பது பொருந்தாது. பேண இயன்றதைப் பேணினார், இயலாததை ஒப்புக்கொண்டார். மன்னர் பொருளில் எழுந்த கருவியைக் குறித்து அவ்வாறு ஒப்புக்கொள்ள நெஞ்சுரம் வேண்டும்.

மகன் ஜான் ஹெர்ஷல் 1833இல் 20 அடிக் கருவியையும் மூன்று ஆடிகளையும் நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டு சென்றார். மங்கியதை அங்கேயே மெருகிட்டு, 1838 வரை தென்வானை ஆராய்ந்து திரும்பினார். ஸ்லௌவில் தந்தையின் பெருங்கருவியைத் தாங்கிய மரச்சாரம் உளுத்திருந்தது. 1839இல் அதனைக் கண்ணாடித் தகட்டில் ஒளிப்படமாக எடுத்தபின் பிரித்துவிடத் துணிந்தார். அவ்வாண்டின் இறுதி இரவில் குடும்பத்தார் அந்தக் குழாயினுள் அமர்ந்து, ஜான் இயற்றிய கையறுநிலைப் பாட்டைப் பாடினர்.