"வாங்குவீங்களா?" என்று கேட்காதீங்க!

(ஓசூர் பகுதி கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் ஆரம்பித்தது நம்ம பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு. சேமிக்கக் கத்துக்கிட்டோம், கடன் வாங்கித் தவறாமல் கட்டவும் கத்துக்கிட்டோம். ஆனால் தொழிலுக்குக் கடன் கேட்கும் முன்னாடி, பொருளை வாங்கப் போறவங்களைப் போய்ப் பார்க்கிற பழக்கம் நம்மகிட்ட குறைவு. எங்க குழு பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

நம்ம பக்கம் ராகிக்குப் பஞ்சமில்லை. சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பொண்ணுங்களுக்கு ராகி லட்டு போட்டு விற்கலாம்னு முடிவு செஞ்சோம். அக்கம்பக்கத்தில் பத்து வீட்டில் ருசி பார்க்கக் கொடுத்தோம். "நல்லா இருக்குக்கா, கண்டிப்பா வாங்குவோம்" என்றார்கள். குழுவில் 30,000 ரூபாய் கடன் எடுத்தோம். ஒரு மாசத்தில் பாதி லட்டு திரும்பி வந்தது. தவணை நாள் வந்தபோது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி பொய் சொல்லவில்லை. நம்ம மனசு நோகக் கூடாதுன்னு சொன்னாள். நாமதான் அதை வியாபாரம்னு நினைச்சுட்டோம்.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் அவர்களுக்கும் இப்படித்தான் ஆனது. இன்று பல மாநிலங்களில் மகளிர் குழுக்கள் அவர் கண்டுபிடித்த நாப்கின் இயந்திரத்தை வைத்துத் தொழில் செய்கின்றன. 2016-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆரம்பத்தில் அவர் செய்த நாப்கினை மனைவியும் சகோதரிகளுமே ஒதுக்கிவிட்டார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்து, கருத்து எழுதச் சொல்லித் தாளும் கொடுத்தார். ஒருநாள் போய்ப் பார்த்தால், சில மாணவிகளே உட்கார்ந்து எல்லாருடைய தாளையும் எழுதிக்கொண்டிருந்தார்கள்! படிச்ச பிள்ளைகளே இப்படி என்றால் நம்ம பக்கத்து வீட்டை என்ன சொல்றது? பிறகு அவர் உபயோகிச்ச நாப்கினையே திரும்ப வாங்கிப் பார்த்தார். ஊரே அவரைக் கேலி பேசியது. ஆனால் வாய் சொல்லாததை அது சொல்லிவிட்டது.

அதனால் "வாங்குவீங்களா?" என்று கேட்காதீங்க. அது நாளைக்கு நடக்கப்போறது. யாரும் சும்மா "ஆமாம்" சொல்லிடலாம். நேத்து நடந்ததைக் கேளுங்க.

நாங்க மறுபடி அந்தப் பொண்ணுங்களிடமே போனோம். இந்தத் தடவை லட்டு எடுத்துப் போகவில்லை. ரெண்டு பேர் போனோம்; ஒருத்தர் பேச, ஒருத்தர் நோட்டில் எழுத. ஷிப்ட் முடிஞ்சு அலுப்பா வர்ற நேரத்தில் நிறுத்தாமல், ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். தமிழ், தெலுங்கு, கன்னடம் எது வருதோ அதில் பேசினோம். கேட்டது நாலே கேள்வி:

1. போன ஞாயிறு என்னம்மா செஞ்சே?
2. எதுக்கு, எவ்வளவு செலவாச்சு?
3. அதில் என்ன கஷ்டம்?
4. அந்தக் கஷ்டத்துக்கு இதுவரைக்கும் என்ன வழி பண்ணினே?

இருபது பேரில் ஒருத்திகூடத் தின்பண்டம் இல்லைன்னு வருத்தப்படவில்லை. ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட முறுக்கே டப்பாவில் இருக்காம். ஆனால் பதிமூணு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னாங்க: "சுடிதார் பிடிக்க, பேண்ட் நீளம் குறைக்க டவுனுக்குப் போகணும்க்கா. இருக்கிற ஒரு லீவும் அதிலேயே போயிடுது." ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு தையல் கூலியைவிட அதிகமாம்!

எங்க குழுவில் ரெண்டு பேர் தையல் பழகினவங்க. மெஷினும் வீட்டில் இருக்கு. "அடுத்த ஞாயிறு ஹாஸ்டல் வாசலுக்கே வந்து வாங்கிக்கிறோம், இருபது ரூபாய் அட்வான்ஸ் கொடும்மா" என்றோம். ஒன்பது பேர் கொடுத்தார்கள். பாராட்டுக்குக் காசு செலவில்லை. கையிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்த இருபது ரூபாய்தான் உண்மையான பதில். புதுக்கடன் வாங்காமலே தொழில் தொடங்கினோம். அந்த வருமானத்தில்தான் லட்டுக் கடனை அடைச்சோம்.

சகோதரிகளே, ரெண்டே விஷயம் ஞாபகம் வையுங்க. சொந்தக்காரங்க, சிநேகிதிகளிடம் கேட்காதீங்க. முன்பின் தெரியாதவங்களிடம் கேளுங்க. அவங்க பேசும்போது நம்ம பொருளைப் புகழ ஆரம்பிக்காதீங்க, காது கொடுங்க.

"வேண்டாம்" என்ற பதில் வந்தாலும் சோர்ந்துபோக வேண்டாம். கடன் வாங்கும் முன்னாடி வர்ற "வேண்டாம்", நம்ம சேமிப்பைக் காப்பாத்துது. கடன் வாங்கின பிறகு வந்தால் அது குழுவையே உடைச்சிடும்.

அடுத்த கூட்டத்துக்குத் தொழில்கடன் மனு கொண்டுவரும் குழுக்கள், இருபது பேரிடம் கேட்டு எழுதின நோட்டையும் சேர்த்துக் கொண்டு வாங்க என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.